போஸ்ட்மார்ட்டம்னா உண்மையில என்னங்க? செத்த மாமாவுக்கும் அதான், ஸ்கூல் லெட்டர்லயும் அதான்!

லயத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், முன்ன எஸ்டேட் லயத்துல இருந்தோம், இப்ப தாமான் (குடியிருப்பு) வீடு. வீட்டுல ரெண்டு மூனு நாளா ஒரே குழப்பம், தெரிஞ்சவங்க யாராவது வந்து தெளிவா சொல்லுங்க. பின் வரிசையில ஒரு மாமா தனியா இருந்தாரு, செம்பனை வெட்டுற வேல, காலையில வேலைக்கு வரலன்னு மண்டோர் (கங்காணி) ஆள் அனுப்பி கதவ ஒடைச்சு பாத்தா கட்டில்லயே படுத்தமேனிக்கு போயிட்டாரு. போலீஸ் வந்து படம்லாம் புடிச்சு பாடிய ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போயிட்டாங்க, போஸ்ட்மார்ட்டம் பண்ணணுமாம். அவரு தங்கச்சி பாலாய் (போலீஸ் ஸ்டேஷன்) வாசல்லயே நின்னு அழுவுறாங்க, நாங்க யார் மேலயும் சந்தேகம் சொல்லலயே எங்கண்ணன எதுக்கு அறுக்கணும்னு. அது போதாதுன்னு பாடிய தூக்குனப்ப முதுகெல்லாம் ஊதா ஊதாவா திட்டு இருந்துச்சாம், பாத்த ஆளுங்க யாரோ அடிச்சுட்டாங்கன்னு ஊரு பூரா சொல்லிட்டு திரியுறாங்க.

இதுக்கு நடுவுல தம்பி ஸ்கூல்ல இருந்து வாட்சப்ல லெட்டர் வருது, "மெஷுவாராட் போஸ்ட்மார்ட்டம் சுக்கான் தஹுனான்" (மெஷுவாராட்னா மீட்டிங், சுக்கான் தஹுனான்னா வருஷாந்திர விளையாட்டுப் போட்டி), மத்தியானம் 3 மணிக்காம். நான் சத்தமா படிச்சுட்டேன். எங்காயா நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு ஐயோ பள்ளிக்கூடத்துல எந்தப் புள்ளடி போச்சுன்னு ஆரம்பிச்சவங்கதான், தண்ணி குடுத்து உக்கார வச்சும் அடங்கல.

அப்ப இந்த வார்த்தைக்கு எத்தன அர்த்தம்தான் இருக்கு? சொந்தக்காரங்க வேணாம்னா நிறுத்த முடியாதா? போஸ்ட்மார்ட்டம்னாலே கொலைன்னு சந்தேகப்படுறாங்கன்னு அர்த்தமா? இன்னொன்னு, பாடி வந்தப்புறம் வீட்டுல வச்சு குளிப்பாட்ட முடியுமான்னும் கேக்க சொன்னாங்க.

காப்பிக்கடை கம்பெனி:

உங்காயாவ குறை சொல்ல முடியாதும்மா. எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப செத்துப்போன பக்கத்து கேஸ் ஆளுக்கு நர்ஸ் வந்து "பிஎம் பத்து மணிக்கு"ன்னு சொல்லிட்டு போச்சு, எங்கப்பா பிரதமர் வர்றாருன்னு நெனச்சு தலய சீவிட்டு உக்காந்துட்டாரு. நம்ம நாட்டுல பிஎம்னா பெர்டானா மெந்திரி, சாயங்காலம் 3 பிஎம், பிணக்கொட்டாயிலயும் பிஎம், மனுஷன் எத கண்டான்.

பழைய டிரசர்:

தங்கச்சி, நான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில டிரசரா (மருத்துவ உதவியாளரா) வேல பாத்து பென்சன் வாங்குறவன், அதனால மருத்துவம் பக்கம் மட்டும் சொல்றேன், ஸ்கூல் விஷயத்த டீச்சர் யாராவது சொல்லட்டும்.

மொத அந்த முதுகு. அவர நான் பாக்கல, ஆனா ராத்திரி மல்லாந்து படுத்தமேனிக்கு போனவருக்கு காலையில முதுகு ஊதாவா இல்லன்னாதான் நான் ஆச்சரியப்படுவேன். இருதயம் நின்ன ஒடனே ரத்தத்த தள்ளுறதுக்கு ஆள் இல்ல, அது அதோட கனத்துக்கு கீழ எறங்கி, ஒடம்புல எந்தப் பக்கம் கீழ இருக்கோ அங்க போய் தேங்கிடும். அர மணியில இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள வெளிய தெரிய ஆரம்பிச்சுடும். மொதல்ல வெரல வச்சு அமுக்குனா வெளுத்துட்டு மறுபடி வரும், எட்டு பன்னண்டு மணி நேரம் தாண்டிட்டா அமுக்குனாலும் போவாது. இன்னொரு அடையாளம், தோள்பட்ட எலும்பு பிட்டம் மாதிரி கட்டில்ல அழுந்தி இருக்கிற எடம் மட்டும் வெள்ளையா இருக்கும், ஏன்னா அங்க ரத்தம் எறங்க வழி இல்ல. அடிச்ச காயம் இந்த கணக்குக்கெல்லாம் கட்டுப்படாது, அது அடிச்ச எடத்துல இருக்கும், வெட்டிப் பாத்தா சதைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கும். ரெண்டையும் பிரிச்சு சொல்றதுக்குத்தான் அந்த டாக்டர் இருக்காரு, வாசல்ல நின்னு எட்டிப் பாத்த ஆளுங்க இல்ல. இந்த தேங்குற ரத்தத்துக்கு லிவோர் மார்ட்டிஸ்னு பேரு. நீ கேட்ட வார்த்தையில இருக்கிற அதே மார்ட்டம்தான் இங்க மார்ட்டிஸ், லத்தீன்ல சாவு. போஸ்ட்னா அப்புறம். அவ்ளோதான், சாவுக்கு அப்புறம், அதுல அறுக்குறது கொலை சந்தேகம் எதுவுமே கெடையாது. காப்பிக்கடைக்காரர் சொன்ன சாயங்கால பிஎம் கூட போஸ்ட் மெரிடியம், உச்சிக்கு அப்புறம்.

ஒடம்பு வெரைக்கிறதுக்கு ரிகோர் மார்ட்டிஸ். ரெண்டு மூனு மணி நேரத்துல கண்ணிம, தாடைன்னு ஆரம்பிச்சு பன்னண்டு மணி வாக்குல முழுசா கட்டை மாதிரி ஆயிடும், அப்புறம் ஒரு நாள் ஒன்ற நாள்ல தளரும், நம்ம ஊரு சூட்டுக்கு இன்னும் சீக்கிரமே. நம்ம பெரியவங்க உயிர் போன ஒடனே நாடிக்கட்டு போட்டு கால் கட்டவெரல சேத்து கட்டுவாங்கல்ல, வெரைக்கிறதுக்கு முன்னாடி கட்டுனாதான் வாய் மூடுனமேனிக்கு நிக்கும், நாலு மணி நேரம் கழிச்சு கட்டிப் பாரு, ஒன்னும் நடக்காது. ஆனா ஒன்னு, இந்த மாமா மாதிரி யாரும் பாக்காத நேரத்துல திடீர்னு போனவங்கள போலீஸ் வர்ற வரைக்கும் கட்டவும் கூடாது, தொடைக்கவும் கூடாது, சட்ட மாத்தவும் கூடாது. நல்லது பண்றோம்னு நெனச்சு பண்ணிட்டு அப்புறம் பாலாய்ல உக்காந்து பதில் சொல்லணும்.

லயத்து வீட்டுல இன்னொரு தொல்ல எறும்பு. செத்தப்புறம் எறும்பு கடிச்ச எடம் மேல்தோல் ஒரசுன மாதிரி பழுப்பா வரிவரியா தெரியும், அதையும் காயம்னு சொல்லிடுவாங்க. உயிரோட இருக்கிறப்ப பட்ட காயத்துக்கு ஆன்டிமார்ட்டம்னும் செத்தப்புறம் பட்டதுக்கு போஸ்ட்மார்ட்டம்னும் டாக்டருங்க எழுதுவாங்க. உயிர் இருக்கிறப்ப பட்டதுன்னா வீங்கும், செவக்கும், ரத்தம் ஊறும். செத்த ஒடம்பு அப்படி எதுவும் காட்டாது. அதனால ரிப்போர்ட்ல "போஸ்ட்மார்ட்டம் காயம்"னு போட்டிருந்தா அறுத்ததால வந்த காயம்னு படிச்சுட்டு சண்டைக்கு போயிடாதீங்க.

டிவி நாடகத்துல டாக்டர் ஒடம்ப தொட்டுப் பாத்துட்டு ராத்திரி 11.20-க்கு செத்தாருன்னு சொல்றது சும்மா. ஒடம்பு ஆறுறதுக்கு அல்கோர் மார்ட்டிஸ்னு பேரு, அத வச்சு நேரம் சொல்றது குளிர் நாட்டுக்கே தோராயம்தான், இங்க ரூம் சூடே முப்பது டிகிரி, ஒடம்பு எங்க ஆறும்.

இப்ப உள்ள என்ன பண்றாங்கன்னு பயம் இருக்குல்ல, அதையும் சொல்லிடறேன். மொத வெளிய பாக்குறது: துணி, ஒயரம், பச்ச குத்துனது, காயம், ஊதா திட்டு எங்கெங்க இருக்கு, எல்லாம் எழுதி படம் எடுப்பாங்க. அப்புறம்தான் கழுத்துக்கு கீழ இருந்து அடிவயிறு வரைக்கும் ஒரு வெட்டு. தலைய ஒரு காதுக்கு பின்னால இருந்து இன்னொரு காது வரைக்கும் மேலால அறுத்து தோல முன்னாடி மடிச்சு மண்டய தொறப்பாங்க, மூஞ்சிய தொடமாட்டாங்க, தச்சப்புறம் முடி மறைச்சுடும். இருதயம், நுரையீரல், ஈரல், மூள எல்லாத்தையும் எட போட்டு (பெரிய ஆளு இருதயம் கிட்டத்தட்ட 300 கிராம், ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு கூட இருக்கும்) அடைப்பு இருக்கா ரத்தக்கசிவு இருக்கான்னு பாத்துட்டு, சின்ன சின்ன துண்டு கெடாம இருக்க ஃபார்மலின்ல எடுத்து வச்சுக்கிட்டு, தேவப்பட்டா ரத்தம் சிறுநீர ஜபாத்தான் கிமியாவுக்கு (அரசாங்க ரசாயன இலாகா) அனுப்பிட்டு, மீதிய உள்ளயே வச்சு தச்சு கழுவி குடுப்பாங்க. கிட்னிய எடுத்து வித்துடுறாங்கன்னு ஊர்ல ஒரு கதை ஓடும், செத்து பல மணி நேரம் கெடந்த ஒடம்புல இருந்து எடுத்த கிட்னி எவனுக்கும் ஒதவாது, அந்த பயம் வேணாம். குளிப்பாட்டுறதுக்கு, தையல் போட்ட எடத்த நனைக்காம ஈரத்துணியில தொடைக்கிறது நல்லது, கொடம் கொடமா ஊத்துனா கசியும். பிணக்கொட்டாயிலயே கேட்டா சில எடத்துல அங்கயே குளிப்பாட்டி வேட்டி கட்டி பெட்டியில வைக்க விடுவாங்க, நான் அதத்தான் சொல்லுவேன்.

லயத்துப் பொண்ணு:

ரொம்ப நன்றிங்க ஐயா. நீங்க முதுகு பத்தி எழுதுனத அப்படியே மாமாவோட தங்கச்சி, அந்த அத்தைக்கு படிச்சு காட்டுனேன், அழுகை நின்னு கேட்டாங்க. ஆனா மறுபடி அதே கேள்வி, அறுக்காம ஸ்கேன் பண்ண முடியாதா, நாங்க கையெழுத்து போடலன்னா என்ன பண்ணுவாங்கன்னு.

கோர்ட்டு கிராணி:

நான் வக்கீல் இல்ல, வக்கீல் ஆபீஸ்ல கிராணி (கிளார்க்), ஆனா இந்த கேள்வி மாசத்துக்கு ஒன்னாவது எங்க கவுண்டருக்கு வந்துடும். கையெழுத்து போடலன்னாலும் நடக்கும் தங்கச்சி. கானுன் தத்தாசாரா ஜெனாயா, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டம், சட்டம் 593, பிரிவு 329-ல போலீசுக்கு எந்தெந்த சாவ விசாரிக்கணும்னு இருக்கு: தற்கொல, விபத்து, மிருகத்தால மெஷினால போனது, வேற ஆள் குத்தம் பண்ணியிருப்பான்னு சந்தேகம், எப்படி செத்தாருன்னே தெரியாம கெடந்த பாடி, திடீர் சாவு. பாருங்க, சந்தேகம்ங்கிறது அந்த பட்டியல்ல ஒன்னே ஒன்னுதான். தனியா இருந்த ஆளு கட்டில்ல போனது திடீர் சாவுல வருது, அதுக்கு அவரு தங்கச்சி யார் மேலயும் குத்தம் சொல்லணும்னு இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க மேல பழி விழுந்துடுச்சுன்னும் இல்ல. 330-ல பாடிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்ப சொல்லுது, ஆனா விபத்துல போனதுதான்னு போலீஸ் அதிகாரிக்கு திருப்தியா தெரிஞ்சா அடக்கம் பண்ணச் சொல்ல அவருக்கு எடம் குடுத்திருக்கு. 331-ல டாக்டர் பரிசோதன பண்ணணும், காரணம் கண்டுபிடிக்க தேவன்னா அறுத்துப் பாக்கலாம்னு இருக்கு. அந்த "தேவன்னா"வ கவனிங்க. வெளிய பாத்து, பழைய மருந்து கார்டு பாத்து டாக்டருக்கு காரணம் தெளிஞ்சுட்டா சில கேஸ் அதோட முடிஞ்சுடும். அதனால அழுது நின்னு நேரம் போக்காம மாமாவோட கிளினிக் புக்கு, மாத்திர டப்பா, பிரஷர் சுகர் கார்டு என்ன இருக்கோ எடுத்துட்டு போய் டாக்டர் கையில குடுக்க சொல்லுங்க. அதுதான் நீங்க பண்ணக்கூடிய ஒதவி.

ஸ்கேன் இருக்கு. கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில செத்த ஒடம்ப சிடி ஸ்கேன்ல பாக்குறாங்க, எலும்பு ஒடஞ்சது, தலைக்குள்ள ரத்தம் இதெல்லாம் அதுல நல்லா தெரியும். ஆனா இருதய ரத்தக்குழாய் அடைப்பு மாதிரி விஷயத்துக்கு ஸ்கேன் மட்டும் பத்தாது, அப்ப கத்திதான். ஆஸ்பத்திரியில நோயில போனவர டாக்டருங்களே படிக்கிறதுக்காக பாக்கணும்னு கேட்டா மட்டும் அது வேற, அதுக்கு குடும்பத்து சம்மதம் வேணும்.

அந்த அத்தை பயப்படுறதுக்கும் நம்ம சனத்துக்கு காரணம் இருக்கு, அத மறைக்க வேணாம். 2009 ஜனவரியில குகன், 22 வயசு பையன், போலீஸ் காவல்ல செத்தாரு. மொத போஸ்ட்மார்ட்டம் நுரையீரல்ல தண்ணின்னு சொல்லுச்சு. குடும்பம் விடாம நின்னு ரெண்டாவது போஸ்ட்மார்ட்டம் பண்ண வச்சாங்க, அதுல அடிபட்டு தசை நைஞ்சு அதனால கிட்னி செயலிழந்து போனதுன்னு வந்துச்சு. 2013-ல ஹைகோர்ட் குடும்பத்துக்கு 801,700 வெள்ளி (ரிங்கிட்) நஷ்டஈடு தீர்ப்பு குடுத்துச்சு. இத நான் பயமுறுத்த சொல்லல. அறுக்காதீங்கன்னு அன்னிக்கு குகனோட அம்மா சொல்லியிருந்தா மொத ரிப்போர்ட்தான் கடைசி வரைக்கும் நின்னிருக்கும். காவல்ல யாராவது செத்தா 334-படி மாஜிஸ்ட்ரேட் பாத்து விசாரிச்சே ஆகணும், அதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க.

அப்புறம் காசு விஷயம். இவரு வேலையில இருந்தவரு, பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கட்டியிருப்பாங்க. அடக்கச் செலவு, பொண்டாட்டி புள்ள இருந்தா பென்சன், அதுக்கெல்லாம் மனு போடறப்ப சாவுக்கு காரணம் என்னங்கிறது பெரிய விஷயம், அதுவும் வேலையால வந்ததா இல்லையான்னு கேப்பாங்க. இன்சூரன்சும் திடீர் சாவுக்கு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கேக்கும். காரணம் தெரியலன்னு ஒரு பேப்பர கையில வச்சுக்கிட்டு அலைஞ்ச குடும்பங்கள பாத்திருக்கேன், பாவமா இருக்கும். கேஸ் நம்பர எழுதி வாங்கி வச்சுக்குங்க, அது இல்லாம எந்த கவுண்டர்லயும் பேச முடியாது. ரத்த பரிசோதன முடிவு வர்றதுக்கு வாரக்கணக்கு, சில நேரம் மாசக்கணக்கு ஆகும், பாடிய குடுத்த அன்னிக்கே முழு ரிப்போர்ட்டும் வரும்னு எதிர்பாக்காதீங்க.

ரோத்தான் டீச்சர்:

அந்த லெட்டர் எங்க ஸ்கூல் லெட்டராவே இருக்கலாம், ஆயாகிட்ட மன்னிப்பு கேட்டதா சொல்லுங்க, ஹாஹா. தமிழ்ப்பள்ளின்னு இல்ல, மலேசியாவுல எல்லா ஸ்கூல்லயும் இது நடக்கும். விளையாட்டுப் போட்டி முடிஞ்சா போஸ்ட்மார்ட்டம், கொண்டாட்டம் முடிஞ்சா போஸ்ட்மார்ட்டம், பரீட்ச முடிஞ்சா கட்டாயம் போஸ்ட்மார்ட்டம். யுபிஎஸ்ஆர்னு ஆறாம் வகுப்பு பரீட்ச இருந்த காலத்துல (2021-ல எடுத்துட்டாங்க) டிரையல் முடிஞ்ச மறுநாளே உக்கார வச்சுடுவாங்க, எந்த கேள்வியில எத்தன புள்ள தப்பு, ஹெட்கவுண்ட்ல (மார்க் இலக்குப் பட்டியல்ல) எத்தன ஏ கொறஞ்சுது, அந்த பாடத்து கெத்துவா பானித்தியா (பாடக்குழுத் தலைவர்) எழுந்து பதில் சொல்லணும். முடிஞ்சு போன காரியத்த பிரிச்சு ஏன் இப்படி ஆச்சுன்னு பாக்குறது, அந்த கருத்துலதான் இங்கிலீஷ்காரன் அந்த வார்த்தைய சாவு வீட்டுல இருந்து வெளிய கொண்டாந்தான், மலாய்காரங்க ஆஸ்பத்திரிக்கு பெடா சியாசாட்னு வச்சுக்கிட்டு மீட்டிங்குக்கு போஸ்ட்மார்ட்டத்த அப்படியே எடுத்துக்கிட்டாங்க. நம்ம பேப்பர்ல சவப் பரிசோதனைன்னு எழுதுறாங்க, அது நல்ல வார்த்த, ஆனா விளையாட்டுப் போட்டி சவப் பரிசோதனைன்னு யாராவது லெட்டர் அனுப்பி பாருங்க!

அரசியலும் அதே கத. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தல் ராத்திரிக்கு அப்புறம் நம்ம சுங்கை சிப்புட்ல எந்த கடையில உக்காந்தாலும் போஸ்ட்மார்ட்டம்தான். 1974-ல இருந்து மஇகா தலைவர் சாமிவேலு ஜெயிச்ச எடம், எதிர்க்கட்சி டாக்டர் ஜெயக்குமார் கிட்ட போயிடுச்சு. அத ஏன் எப்படின்னு பேசி முடிக்கறதுக்குள்ள அடுத்த எலெக்‌ஷனே வந்துடுச்சு. ஆனா என் கருத்து, ஸ்கூல்லயும் கட்சியிலயும் நடக்குறது பாதி நேரம் போஸ்ட்மார்ட்டமே இல்ல, யார் தலையில போடலாம்னு ஆள் தேடுறது. டிரசர் ஐயா சொன்ன டாக்டர் ஒவ்வொன்னா எட போட்டு பாக்குறாருல்ல, எங்க மீட்டிங்ல எட போடுறதே கெடையாது, கயிறு இழுக்கிற போட்டியில கயிறு அறுந்ததுக்கு போன வருஷம் பாவம் ஸ்டோர் பாத்த டீச்சர் வாங்கிக் கட்டிக்கிட்டாங்க.

பாயான் லெப்பாஸ் பையன்:

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. நான் பினாங்குல சர்வர் பாத்துக்குற வேல, எங்க பக்கமும் சிஸ்டம் படுத்துச்சுன்னா மறுநாள் போஸ்ட்மார்ட்டம் எழுதணும். ஆனா பழி போடாத போஸ்ட்மார்ட்டம்னு ஒரு முறை வச்சிருக்கோம், எத்தன மணிக்கு என்ன நடந்துச்சு, எந்த பாதுகாப்பு இல்லாததால அந்த தப்பு வெளிய வந்துச்சுன்னு எழுதணும், ஆள் பேர் எழுதக்கூடாது. பேர் எழுதுனா அடுத்த தடவ எவனும் உண்மைய சொல்லமாட்டான். இதுக்கு தலைகீழா பிரீமார்ட்டம்னு ஒன்னும் இருக்கு, கேரி கிளைன்னு ஒரு சைக்காலஜி ஆளு 2007-ல எழுதி பிரபலமாச்சு: வேல ஆரம்பிக்கிறதுக்கு முன்னயே இது தோத்துப் போச்சுன்னு வச்சுக்கிட்டு ஏன் தோத்துச்சுன்னு எல்லாரும் எழுதணும். டீச்சர், கயிற பத்தி அப்பவே ஒருத்தர் எழுதியிருப்பாரு.

கோயில் கமிட்டி:

நல்ல நேரத்துல இந்த பேச்சு வந்துச்சு, ஒரு அவசரம். எங்க கோயில் திருவிழாவுல காலமான பழைய தலைவருக்கு விருது குடுக்குறோம், அவரு மகன் வந்து வாங்கிக்குவாரு. கமிட்டியில ஒரு தம்பி பேனர்ல "போஸ்ட்மார்ட்டம் அவார்டு"ன்னு போட குடுத்துட்டாரு, செத்தப்புறம் குடுக்குறது போஸ்ட்மார்ட்டம்தானேன்னு கேக்குறாரு. எனக்கு என்னமோ இடிக்குது. சரியா தப்பா?

காப்பிக்கடை கம்பெனி:

டேய் அப்பா. அவரு மகன் மேடைக்கு வந்து பேனர படிச்சா உங்க கமிட்டிக்கே போஸ்ட்மார்ட்டம் நடக்கும்.

ரோத்தான் டீச்சர்:

தப்பு அண்ணே, உடனே நிறுத்துங்க! விருது, பதவி, செத்தப்புறம் வந்த புத்தகம், அப்பா போனப்புறம் பொறந்த புள்ள, இதுக்கெல்லாம் போஸ்தூமஸ்னு வேற வார்த்த. அதுவும் லத்தீன்தான், ஆனா வேர் வேற, போஸ்துமுஸ்னா கடைசியா பொறந்தவன். பின்னால ஹூமுஸ்னா மண்ணுன்னு நெனச்சு மண்ணுக்குள்ள போனதுக்கு அப்புறம்னு யாரோ ஒரு எச்-ஐ நடுவுல சொருகிட்டாங்க, அது அப்படியே நின்னுடுச்சு. மலாய் சினிமா நடிகர் பி. ராம்லி 1973-ல போனாரு, தான் ஸ்ரீ பட்டம் 1990-ல குடுத்தாங்க, அது போஸ்தூமஸ். எம்ஜிஆர் 1987 டிசம்பர்ல போனாரு, 1988-ல பாரத ரத்னா, அதுவும் அப்படித்தான். ஆனா பேனருக்கு எதுக்கு இவ்ளோ வம்பு, "அமரர்" இன்னார் அவர்களுக்கு விருதுன்னு போடுங்க, படிக்கிற எல்லாருக்கும் புரியும்.

லயத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அத்தையும் அவங்க மகனும் கிளினிக் புக்க தேடி எடுத்துட்டு ஈப்போ போயிருக்காங்க, பிரஷர் மாத்திர பாதி பட்ட அப்படியே இருந்துச்சாம், ஒழுங்கா சாப்பிடல போல. குளிப்பாட்டுறது அங்கயேன்னு முடிவாயிடுச்சு. ஆயா மட்டும் இன்னும் நம்பல, மத்தியானம் ஸ்கூல் மீட்டிங்குக்கு தானும் வர்றேன், புள்ளைங்கள எண்ணிப் பாக்கணும்னு நிக்கிறாங்க.

கோயில் கமிட்டி:

டீச்சர், பேனர் நேத்தே அடிச்சு வந்துடுச்சு. அந்த எடத்துல மட்டும் ஸ்டிக்கர் ஒட்டுனா கேவலமா தெரியுமா?

காப்பிக்கடை கம்பெனி:

ஒட்டுங்க, ஆனா மழைக்கு உரியாத ஸ்டிக்கரா வாங்குங்க.